பகலில் பன்றி எங்கே படுக்கிறது?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடுகற்களுக்குப் பஞ்சமே இல்லை. ஏரிக்கரையில் நிற்கும், புளியமரத்தடியில் நிற்கும், வயல் வரப்பிலும் நிற்கும். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் எடுத்து வைத்திருக்கிறார்கள். மாடு மீட்கப் போய்ச் செத்தவன், புலியோடு மோதிச் செத்தவன் என்று கல்லுக்கு ஒரு கதை. காட்டுப்பன்றியோடு போராடி மாண்டவர்களுக்கும் இந்த வட்டாரத்தில் கல் நட்டிருக்கிறார்கள். பன்றிகுத்திப் பட்டான் கல் என்பார்கள். பயிரைக் காக்கப் போய் உயிரை விட்டவனை ஊர் கும்பிட்டிருக்கிறது.

ஆக, இது பழைய பகை. ஆனால் அந்தக் காலத்துப் பன்றி காட்டிலிருந்து இறங்கி வந்தது. இன்று ஓசூர்ப் பக்கம் ராகிக் கொல்லையில் புகுகிற பன்றி எங்கிருந்து வருகிறது? காட்டை ஒட்டிய தளி, ஜவளகிரி, அஞ்செட்டிப் பக்கம் கேட்டால் காட்டைக் காட்டுவார்கள், அது சரி. காட்டுக்கு வெகுதூரம் தள்ளி இருக்கும் ஊர்களில் கேட்டால், மனை போட்டு விற்காமல் கிடக்கிற இடத்தைக் காட்டுகிறார்கள். கம்பெனி வாங்கிச் சுற்றுச்சுவர் மட்டும் எழுப்பிவிட்டுப் போன நிலத்தையோ, தூர்ந்துபோன ஏரிக்குள் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தையோ காட்டுகிறார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று மொழியிலும் திட்டு வாங்குகிற இந்தப் பிராணி, நம்முடைய பாதி முடிந்த வேலைகளுக்கு நடுவே குடியேறிவிட்டது.

அதற்கு வேண்டியது மிகக் கொஞ்சம். பகலில் படுக்க அடர்ந்த புதர், புரளச் சேறு, இரவில் தின்ன ஏதாவது. பன்றிக்கு வியர்வையில் உடம்பைக் குளிர்த்துக்கொள்ளத் தெரியாது. அதனால்தான் சேறு தேடுகிறது. கிழங்கு, வேர், புழு, பறவை முட்டை, செத்த விலங்கு, ஓட்டல் எச்சில் என எதையும் ஒதுக்காது. சினைக்காலம் நான்கு மாதத்துக்குச் சற்றுக் குறைவு. ஓர் ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டி சாதாரணம், தீனி நன்றாகக் கிடைத்தால் அதற்கு மேலும் போடும். காட்டில் சிறுத்தையும் செந்நாயும் அந்தக் கணக்கைச் சரிக்கட்டும். மனைப்பிரிவில் யார் சரிக்கட்டுவது?

நிலக்கடலைக் கொல்லையில் அது தின்பதைவிடக் கிளறிப் போடுவது அதிகம். உருளைக்கிழங்கு, மரவள்ளி, மக்காச்சோளம் என்று எதுவும் மிஞ்சாது. அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரே ராத்திரியில் கூட்டமாக இறங்கிவிட்டால், காலையில் வரப்பில் நின்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

முன்பு பரண் கட்டி, தகரம் தட்டி, தீ மூட்டி ராக்காவல் காப்பார்கள். இப்போது காவலுக்கு ஆளில்லை. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அதைத் தொடர்ந்து அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் வந்தன. இன்று எலக்ட்ரானிக்ஸ் ஆலைகள் வரை வந்தாகிவிட்டது. ஊர்ப் பிள்ளைகள் ஷிப்டுக்குப் போகிறார்கள். இரவெல்லாம் கம்பெனி கேட்டில் காவல் நிற்கிறவர் சொந்தக் கொல்லைக்குக் காவல் இருக்க முடியாது. வேலை வந்ததைக் குறை சொல்லவில்லை. பரண் காலியானதற்கு அதுவும் ஒரு காரணம், அவ்வளவுதான்.

காலியான பரணின் இடத்தில் என்ன வந்தது என்பதுதான் கவலை. கம்பத்திலிருந்து கொக்கி போட்டு வயலைச் சுற்றிக் கம்பியில் விடுகிற மின்சாரம் வந்தது. பக்கத்துத் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே 2023 மார்ச்சில் அப்படி ஒரு கம்பியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. தாயை இழந்த இரண்டு குட்டிகள் அந்த இடத்தை விட்டு நகராமல் சுற்றிச் சுற்றி வந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதே ஆண்டு, மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்தத் தமிழக அரசு விதிகளைக் கொண்டுவந்தது. சோலார் வேலியில் ஓடுவது விட்டு விட்டுத் துடிக்கிற மின்சாரம்; உதைத்துத் தள்ளும், கொல்லாது. கொக்கிக் கம்பிக்கு அந்த இரக்கம் கிடையாது. அதில் கால் வைப்பது பன்றியா, யானையா, தண்ணீர் பாய்ச்ச வந்த பக்கத்துக் கொல்லைக்காரரா என்று அது பார்ப்பதில்லை.

இன்னொன்று அவுட்டுக்காய். வெடிமருந்தைத் தீனிக்குள் பொதிந்து வைப்பது. கடித்ததும் வாய்க்குள்ளேயே வெடிக்கும். 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் சினையாக இருந்த ஒரு யானை, வெடி வைத்த காயைக் கடித்துத் தாடை சிதைந்து, ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்தது. பன்றிக்கு வைத்த வெடிதான் அது என்றார்கள். மேய்ச்சலுக்குப் போகிற மாடும் அதைக் கடிக்கும், நாயும் கடிக்கும். சிறு பிள்ளை கையில் எடுத்துவிட்டால் சொல்லவே வேண்டாம்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து விவசாயிகள் கேட்டது, சுட அனுமதி. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கு அப்பால் வனத்துறையினரே சுடுவார்கள். விவசாயி தானாகச் சுட்டால், 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இன்றும் குற்றம்தான்.

காகிதத்தில் இது நியாயமான கோடுதான். தரையில் போடத்தான் கஷ்டம். இங்கே காடு ஒரே பாயாக விரிந்து கிடக்கவில்லை. பன்னர்கட்டாவிலிருந்து காவிரி வடக்கு சரணாலயம் வரை பெரிய காடு, நடுவே சானமாவு போன்ற துண்டுக் காடுகள். தேன்கனிக்கோட்டை வட்டத்தில் பல ஊர்களுக்குக் காடு கூப்பிடு தூரம். மாநில எல்லைக்கல்லுக்கு அந்தப்பக்கம் கர்நாடகத்தின் விதி, இந்தப்பக்கம் தமிழ்நாட்டு உத்தரவு. பன்றி இரண்டையும் படித்ததில்லை.

பிடித்துக் காட்டில் விடுவதில்தான் எனக்குப் பெரிய தயக்கம். காரணம், ஒரு வைரஸ். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020இல் அசாம், அருணாசலம் வழியாக இந்தியாவுக்குள் தெரியவந்தது. 2022 ஜூலையில் வயநாட்டுப் பண்ணைகளில் தென்பட்டது. அந்த ஆண்டு முடிந்து 2023 பிறக்கும் சமயத்தில், முதுமலையில் காட்டுப்பன்றிகள் வரிசையாகச் செத்து விழுந்தன. பரிசோதனையில் அதே நோய் என்று உறுதியானது. மனிதனுக்கு இது தொற்றாது. ஆனால் நோய் கண்ட பன்றி பிழைப்பது அபூர்வம். இந்த வைரஸ் இறைச்சித் துண்டில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், வண்டிச் சக்கரத்திலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு ஊர் மாறும். பெங்களூருக்கும் ஓசூருக்கும் இடையே ஒரு நாளில் எத்தனை வண்டி ஓடுகிறது! ஓட்டல் எச்சில் தின்று வளரும் ஊர்ப்பன்றியோடு குப்பைமேட்டில் உரசிய காட்டுப்பன்றியைப் பிடித்து, பரிசோதிக்காமல் சரணாலயத்தில் விட்டால், நோயையும் சேர்த்து விடுகிறோம் என்றே பொருள். காட்டில் பன்றி அழிந்தால் சிறுத்தை பட்டினி கிடக்காது, ஆட்டுப்பட்டிக்கு வரும்.

செக் நாட்டில் 2017இல் இந்த நோய் காட்டுப்பன்றிகளுக்கு வந்தபோது, துப்பாக்கியை முதலில் தூக்கவில்லை. சுட்டால் கூட்டம் சிதறி, நோய் பரவும் என்பது அவர்கள் கணக்கு. வேலி கட்டி, செத்த உடல்களைத் தேடித் தேடி அகற்றி, பிறகுதான் சுட்டார்கள். இரண்டு ஆண்டுக்குள் ஒழித்தும் காட்டினார்கள்.

மனிதருக்கு வருகிற நோய்களும் உண்டு. மூளைக்காய்ச்சல் கிருமி பன்றி உடம்பில் பெருகி, கொசு வழியாக நமக்கு வரும். எலிக்காய்ச்சல் என்று நாம் சொல்லும் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி பன்றி மூத்திரத்திலும் இருக்கலாம். திருட்டுத்தனமாகக் காட்டுப்பன்றிக் கறி வாங்குகிறவர்களுக்கும் வெட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: சட்டத்தை விடுங்கள், கையில் ஒரு கீறல் இருந்தால் போதும், புரூசெல்லா கிருமி உள்ளே போக.

கொல்லையைக் காக்கப் பழைய புடவையைச் சுற்றிக் கட்டுவது, முடிதிருத்தும் கடையிலிருந்து முடி வாங்கித் தூவுவது எல்லாம் சில நாள் பலிக்கும், பிறகு பன்றி பழகிவிடும். ஓரப்பயிராக ஆமணக்கை நெருக்கி விதைப்பது கொஞ்சம் மேல். நாலைந்து பேர் சேர்ந்து பதிவு செய்த சோலார் வேலி போடுவது இன்னும் மேல். ஆனால் சும்மா கிடக்கும் மனைக்கும் கம்பெனி நிலத்துக்கும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே, புதரை வெட்டச் சொல்லி அவர்களை யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியது ஊராட்சியும் மாநகராட்சியும். கதிர் முற்றிய பிறகு கேட்டுப் பயனில்லை, ஆடியில் ராகி விதைக்குமுன் கேட்க வேண்டும். எங்காவது காரணம் தெரியாமல் பன்றி செத்துக் கிடந்தால் தொடாதீர்கள், புதைக்கவும் செய்யாதீர்கள். கால்நடை மருத்துவமனைக்கோ வனச்சரக அலுவலகத்துக்கோ அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.