உப்புமூட்டைக்கு ஒரு நாரிப்பட்டி



என் மகளுக்கு எட்டு மாதமாக இருந்தபோது அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து எங்களிடம் வந்திருந்தார். வந்த அன்றே வாசலோரம் நின்ற ஒரு சாமானைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அலுமினியச் சட்டம், தடித்த பட்டிகள், நடுவில் ஒரு சின்ன இருக்கை, அதற்கு மேலே வெயில் மறைக்க ஒரு கூரை.

"இதுக்குள்ளயோ பிள்ளையை வைச்சு மலையேறப் போறியள்?"

"ஓம் அம்மா, உப்புமூட்டை மாதிரித்தான்."

"உப்புமூட்டையிலை பிள்ளை எங்கடை கழுத்தைக் கட்டிப் பிடிச்சிருக்கும். நாங்கள் பின்னாலை கை குடுத்துத் தாங்கியிருப்பம். இதிலை ஆர் பிடிக்கிறது?"

முதுகில் பிள்ளையைச் சுமந்து நடக்கும் பையை எப்படித் தெரிவு செய்வது என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் அம்மாவின் கேள்வியைத்தான் அவர்களிடம் திருப்பிச் சொல்வேன். ஆர் பிடிக்கிறது? பிள்ளையின் இரண்டு கைகள் செய்கிற வேலையையும் எங்கள் இரண்டு கைகள் செய்கிற வேலையையும் இந்தப் பை செய்யவேண்டும். கடையில் காட்டுகிற பொக்கெட்டுகளையும் நிறங்களையும் பிறகு பார்க்கலாம்.

இங்கே சுவிசில், ஜேர்மன் பேசும் பகுதிகளில், இதைக் கிராக்சே என்பார்கள். அந்தச் சொல் பிள்ளைகளுக்காகப் பிறந்ததல்ல. அல்ப்ஸ் மலைகளில் பாரம் சுமந்து நடந்தவர்கள் முதுகில் மாட்டிய மரச்சட்டத்தின் பெயர் அது. மலைமேட்டுக் குடில்களில் செய்த சீஸை ஊருக்கு இறக்கிய சட்டத்தை ரேஃப் என்பார்கள். சாமான் சுமந்த சட்டம் பிள்ளை சுமக்க வந்தது பிற்காலத்தில். சட்டமில்லாத துணிப்பைக்கு வேறொரு கதை உண்டு. ஆன் மூர் என்ற அமெரிக்கத் தாதி 1960களில் ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் தொண்டுப் பணி செய்தார். அங்குள்ள தாய்மார் பிள்ளையைத் துணியால் உடம்போடு அணைத்துக் கட்டியபடி வேலை செய்வதைக் கண்டார். ஊர் திரும்பித் தன் மகளுக்காகத் தன் தாயைக்கொண்டு அப்படி ஒன்று தைப்பித்தார். 1969இல் காப்புரிமை பெற்ற அந்தப் பைதான் ஸ்னக்ளி. ஏணையிலும் இடுப்பிலும் வளர்ந்த எங்களுக்கு அந்தத் தாய்மாரின் அறிவு புதிதாகத் தெரியாது.

இந்த இரண்டு வகைக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. சட்டம் வைத்த கிராக்சேக்குள் இருக்கும் பிள்ளை, பிடியில்லாமல் தானாக நிமிர்ந்து இருக்கத் தெரிந்த பிள்ளையாக இருக்கவேண்டும். ஆறு மாதம் முடிந்துவிட்டது என்பது மட்டும் போதாது. நிலத்தில் இருத்தினால் சரியாமல், தலையை உறுதியாகப் பிடித்துக்கொண்டு விளையாடுகிறதா என்று பாருங்கள். அமெரிக்கத் தரவிதி இந்தச் சட்டப்பைகளைக் கிட்டத்தட்ட 7 கிலோவிலிருந்து 23 கிலோ வரையான பிள்ளைகளுக்கென்று வகுத்திருக்கிறது. அந்த நிலைக்கு வராத குழந்தைக்கு முன்பக்கம் அணைத்துக் கட்டும் துணிப்பைதான் ஏற்றது. அதிலும் குழந்தையின் முகம் உங்கள் கண்ணுக்குத் தெரியவேண்டும். நீங்கள் குனிந்தால் உச்சியில் முத்தம் கொடுக்கிற தூரம் இருக்கவேண்டும். நாடி நெஞ்சில் அழுந்தக்கூடாது, அழுந்தினால் மூச்சுக்குழாய் மடங்கும். இதில் மட்டும் "பரவாயில்லை" என்று விடவேண்டாம்.

இனி, எங்கள் கைகளின் வேலை. பாரத்தை ஆர் தாங்குவது?

நான் முதலில் வாங்கியது ஒரு பாவித்த பை. விலை மலிவு, பார்க்கவும் நல்லாக இருந்தது. என் கணவர் உயரமானவர், அவருக்கு அளவாக இருந்தது. நான் போட்டபோது இடுப்புப் பட்டி தொடைக்கு இறங்கி நின்றது. இரண்டு மணிநேரம் நடந்தேன். அடுத்த இரண்டு நாள் தோளைத் தூக்க முடியவில்லை. பாரம் முழுவதும் தோளில் தொங்கியிருக்கிறது. அது நாரியில் இருந்திருக்கவேண்டும்.

நாரி என்று எங்கள் பேச்சில் சொல்கிறோமே, அந்த இடத்தைத்தான் சொல்கிறேன். பக்கவாட்டில் கையை வைத்து அழுத்தினால் இடுப்பெலும்பின் மேல் விளிம்பு தட்டுப்படும். நாரிப்பட்டி அந்த விளிம்பின் மேல் ஏறி உட்கார்ந்து இறுகவேண்டும். பாரத்தின் பெரும்பங்கு அங்கேயிருந்து கால் வழியாக நிலத்துக்குப் போய்விடும். தோள்பட்டிகள் பையைப் பின்னால் சாயாமல் பிடித்தாலே போதும்.

அதனால் வாங்கப் போகும்முன் முதுகை அளந்து பாருங்கள். தையல் அளவு நாடா போதும். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஒரு எலும்பு துருத்தும். அதிலிருந்து, இரண்டு இடுப்பெலும்புகளையும் இணைக்கும் கோடு வரை முதுகின் நீளம் எவ்வளவு? பையின் முதுகுப் பகுதி அந்த நீளத்துக்கு ஏறி இறங்குமா? அம்மாவும் அப்பாவும் மாறி மாறிச் சுமப்பதென்றால், நிமிடத்தில் மாற்றக்கூடியதாக இருக்கவேண்டும். மலைச்சரிவில் பிள்ளை அழும்போது திருப்புளி தேடமுடியாது.

கடையில் வெறும் பையைப் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. பிள்ளையைக் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் பிள்ளையின் நிறைக்கு ஏதாவது உள்ளே வைத்துத் தரச் சொல்லுங்கள். எல்லாப் பட்டிகளையும் தளர்த்திவிட்டு, முதலில் நாரிப்பட்டி, பிறகு தோள்பட்டி, அதன் பிறகு தோளுக்கு மேலே பையை உங்கள் பக்கம் இழுக்கும் சின்னப் பட்டி, கடைசியில் நெஞ்சுப்பட்டி. இந்த ஒழுங்கில் இறுக்கி, கடைக்குள்ளேயே பதினைந்து நிமிடம் நடந்து பாருங்கள். படி இருந்தால் ஏறி இறங்குங்கள்.

நிறைக் கணக்கையும் வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். பை மட்டும் மூன்று, மூன்றரைக் கிலோ வரும். ஒரு வயதுப் பிள்ளை ஒன்பது, பத்துக் கிலோ. தண்ணீர், சாப்பாடு, மாற்றுடுப்பு, பம்பர்ஸ் எல்லாம் சேர்ந்து மூன்று கிலோ. ஆகப் பதினாறு கிலோ. பல பைகளில் உச்ச அளவு 22 கிலோ என்று எழுதியிருக்கும். அது பிள்ளையின் நிறை மட்டுமா, சாமானும் சேர்த்தா, பையின் நிறையும் அதற்குள் அடங்குமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். லேபிளை வாசித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

அடுத்தது பிள்ளையின் கைகளின் வேலை. பிள்ளையைப் பிடித்து வைத்திருப்பது இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கவட்டுக்குள் ஒன்று என்று ஐந்து இடத்தில் பிடிக்கும் உள்பட்டி. இருக்கை ஒடுங்கிய துணிக்கீற்றாக இருந்தால் கால்கள் தொங்கும், தொடையின் உட்புறம் நசுங்கும். இருக்கை அகலமாக, முழங்கால் மடிப்புவரை தொடையைத் தாங்கவேண்டும். பாதம் வைக்க வளையம் இருக்கவேண்டும், அதன் உயரம் மாற்றக்கூடியதாகவும் இருக்கவேண்டும். முன்னால் உள்ள மெத்தை நாடிக்குச் சற்றுக் கீழே வரும்படி இருக்கையை ஏற்றுங்கள். பிள்ளை தூங்கினால் தலை அதில் சாயும்.

கால் நுழையும் துளையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அமெரிக்காவில் 2016ஆம் ஆண்டு ஒரு பெயர்பெற்ற நிறுவனத்தின் பைகள் திருத்தத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. 2012க்கும் 2014க்கும் இடையில் செய்தவை, சுமார் 82,000. சின்னப் பிள்ளை அந்தத் துளை வழியாக நழுவி விழக்கூடும் என்பதுதான் காரணம். இருக்கைக்குள் வைக்க ஒரு மெத்தையை நிறுவனம் இலவசமாகக் கொடுத்தது. அந்தப் பைகள் இன்றும் கைமாறிக்கொண்டுதான் இருக்கும். புரோக்கன்ஹவுஸ் என்கிற பாவித்த பொருள் கடையில் அல்லது தெரிந்தவரிடம் பாவித்த பை வாங்குகிறவர்கள் அதன் மாதிரிப் பெயரையும் செய்த ஆண்டையும் இணையத்தில் தேடிப் பாருங்கள். கொளுக்கிகளை ஒவ்வொன்றாகப் பூட்டித் திறந்து பாருங்கள். தையல் விட்டிருக்கிறதா, வெயிலில் கிடந்து பட்டி வெளிறியிருக்கிறதா என்று பாருங்கள். பாவித்ததை வாங்குவது நல்ல காரியம்தான். புதியது 300 பிராங் அளவில் போகிறது, இரண்டு வருடத்தில் பிள்ளை வளர்ந்துவிடும். சில விளையாட்டுப் பொருள் கடைகள் வாடகைக்கும் தருகின்றன. மலை பிடிக்குமா என்று தெரியாதவர்கள் அப்படித் தொடங்கலாம்.

பையின் அடியில் மடக்கி விரிக்கும் ஒரு கால் இருக்கும். அது பிள்ளையை ஏற்றி இறக்க மட்டும். தட்டையான நிலத்தில், உங்கள் ஒரு கை பையில் இருக்கும்போது மட்டும். மேசையிலோ வாங்கிலோ வைத்துவிட்டுத் தேநீர் வாங்கப் போகாதீர்கள்.

ஒரு ஒக்டோபர் மாதம் ஓஷினன் ஏரிக்குப் போனோம். காண்டர்ஸ்டெக் ஊருக்கு மேலே, 1,578 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வெயில் எறித்தது, எனக்கு ஏற்றத்தில் வியர்த்துக் கொட்டியது, ஜக்கெட்டைக் கழற்றி இடுப்பில் கட்டினேன். ஏரிக்கரையில் பிள்ளையை இறக்கியபோது அவளுடைய பாதம் ஐஸ் மாதிரி இருந்தது. காற்சட்டை மேலே ஏறி, கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடையில் தோல் வெறுமையாகக் கிடந்தது. கனநேரம் அவளுடைய கால்களை என் வயிற்றோடு வைத்துக்கொண்டிருந்தேன்.

நடப்பது நான், அசையாமல் இருப்பது அவள். எனக்கு வருகிற சூடு அவளுக்கு வராது. இதை அன்றைக்குத்தான் உடம்பால் விளங்கிக்கொண்டேன். அதன் பிறகு அவளுக்கு என்னைவிட ஒரு உடுப்புக் கூட. முழங்கால்வரை நீண்ட கம்பளிக் காலுறை. சப்பாத்து இறுக்கமாக இருக்கக்கூடாது. அரை மணிக்கொரு தடவை பாதத்தைத் தொட்டுப் பார்ப்பேன். முக்கால் மணிக்கொரு தடவை இறக்கி ஓடவிடுவேன். முதுகில் இருப்பவளின் முகம் எனக்குத் தெரியாது என்பதால் தோள்பட்டியில் ஒரு சின்னக் கண்ணாடி கட்டினேன். தலை முன்னால் மடிந்து தூங்குவதைக் கண்டால் உடனே நின்று நிமிர்த்துவேன். கோடையில் கூரை விரித்தாலும் தொப்பி போடுவேன், மலைவெயில் பக்கவாட்டில் வரும்.

பிள்ளையின் தலை உங்கள் தலைக்கு மேலே நிற்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும். நீங்கள் தப்பிய மரக்கிளை பிள்ளையின் முகத்தில் அடிக்கும். சப்பாத்து நாடா அவிழ்ந்தால் முன்னால் குனியாதீர்கள், முழங்காலை மடித்து இறங்குங்கள்.

பாதைக்கு இங்கே மஞ்சள் பலகைகள் இருக்கின்றன. அவற்றில் எழுதியிருக்கும் நேரம் ஓய்வில்லாமல் நடக்கிறவருக்கானது. பிள்ளையோடு போகிறவர் அதன் இரண்டு மடங்கை எண்ணிக்கொள்ளுங்கள். வெள்ளை, சிவப்பு, வெள்ளை அடையாளம் போட்ட மலைப்பாதைகள் செங்குத்தாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும். முதுகுப் பாரத்துக்குப் பழகும்வரை அவை வேண்டாம். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர் எல்லாரும் யுங்பிராவ்யோக் பார்க்க ஆசைப்படுவார்கள். 3,454 மீற்றர் உயரம் அது. ரயில்தானே என்று கைக்குழந்தையைக் கொண்டு ஏறாதீர்கள், முதலில் பிள்ளை வைத்தியரிடம் கேளுங்கள். உயரம் மாறும்போது தனக்குக் காது அடைக்கிறது என்று குழந்தையால் சொல்லமுடியாது. கேபிள் காரில்கூட ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுங்கள்.

போன ஓகஸ்டில் மென்லிகனிலிருந்து கிளைனே ஷைடெக் வரை நடந்தோம். மெல்ல இறங்குகிற, நல்ல அகலமான பாதை. மகளுக்கு அப்போது மூன்று வயது, பதினாலு கிலோ. பையின் கணக்கு உச்சத்தை நெருங்கியிருந்தது. பாதி வழியில் "இறங்கப் போறன்" என்றாள். இறக்கினேன். ஐகர் மலையைப் பார்த்துக்கொண்டு, என் விரலைப் பிடித்தபடி, மிச்சத் தூரத்தை அவளே நடந்தாள். வெறும் பை என் முதுகில் வந்தது.

தம்பிக்குப் பிறந்த பிள்ளை இப்போது தானாக இருக்கத் தொடங்கியிருக்கிறது. பையைத் தனக்குத் தரச்சொல்லிக் கேட்டிருக்கிறான். நேற்று நிலவறையிலிருந்து எடுத்து, துடைத்து, கொளுக்கிகளைப் பூட்டித் திறந்து பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கின்றன. சனிக்கிழமை அவனும் மனைவியும் வருகிறார்கள். இரண்டு பேருடைய முதுகையும் அளக்க, அளவு நாடாவை எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன்.