பாலாறும் தோல் தொழிலும் பிழைக்க வழி

(ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத் தோல் வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



தோல் நம் பகுதிக்குச் சோறு போடும் தொழில். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் மேல்விஷாரத்திலும் பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் எழும்பியதில் தோல் வணிகர்களின் கொடைக்குப் பெரும் பங்கு உண்டு. அதே தொழில் பாலாற்றைக் கெடுத்துவிட்டது என்ற பழியும் நம் தலைமேல் நிற்கிறது. மறுத்துப் பேசிப் பயனில்லை. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழ்பட்டதாகச் சொன்ன ஆய்வை ஏற்றுத்தான் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் ஷாப்பு ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாதவை மூடப்பட வேண்டும் என்றது.

தனியாக நிலையம் கட்ட வசதியில்லாத சிறு முதலாளிகளைக் காப்பாற்றியவை பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள்தாம். ஆனால் அவை முதலில் எப்படி அமைந்தன? கழிவைத் தேக்கி, காற்றூட்டி, நுண்ணுயிர்களால் அழுக்கைத் தின்னவைத்தார்கள். நாற்றம் குறைந்தது. உப்பு குறைந்ததா? நுண்ணுயிர் உப்பைத் தின்னாது, சகோதரர்களே! லிட்டருக்கு 2,100 மில்லி கிராமுக்கு மேல் கரைந்த உப்புகள் இருக்கக்கூடாது என்பது விதி. அந்த வரம்புக்குள் இந்த முறையால் வர முடியவில்லை.

ஆகவேதான் நிலையங்களைத் தரம் உயர்த்த வேண்டியதாயிற்று. சவ்வுகளின் வழியே நீரை அழுத்திப் பிரித்து, நல்ல நீரைத் தோல் ஷாப்புக்கே திருப்பி அனுப்புகிறார்கள். மிஞ்சும் உவர் நீரை ஆவியாக்கி உப்பை எடுக்கிறார்கள். நல்ல முறைதான். ஆனால் மின்சாரமும் நீராவியும் பணத்தைத் தின்கின்றன. எடுத்த கலப்பு உப்பை வாங்குவாரும் எளிதில் கிடைப்பதில்லை. அதை வெளியில் குவித்துவைத்தால் ஒரு மழையில் மறுபடி மண்ணுக்குள்தானே போகும்?

கழிவைத் தேக்கிக்கொண்டே போவது என்ன ஆகும் என்பதை 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை காட்டியது. பொது நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் மாண்டார்கள். பிழைப்புத் தேடி மேற்கு வங்கத்திலிருந்து வந்த ஏழைகளே அவர்களில் பெரும்பாலோர்.

எனவே நிலையத்தை விரிவாக்குவதற்கு முன் நம் வாசலிலேயே உப்பைக் குறைக்க வேண்டும். பதப்படுத்திய தோலை ஊறவைக்கும் முன் உதறித் தட்டினால் உப்பில் ஒரு பகுதி அங்கேயே உதிர்ந்துவிடும். ஊறவைத்த நீரைத் தனிக்குழாயில் விட்டு வெயிலில் காயவைக்கலாம். குரோமிய நீரையும் கலக்காமல் பிரித்தால், குரோமியத்தை மீட்டு மறுபடி பயன்படுத்தலாம். எல்லாவற்றையும் ஒரே குழாயில் கொட்டிவிட்டு நிலையத்தைக் குறை சொல்வது நியாயமா?

இரவில் மதகைத் திறந்துவிட்டு மிச்சம் பிடிக்கும் ஒருவரால் பங்குத் தொகையை ஒழுங்காகக் கட்டும் நூறு பேர் தலைகுனிய வேண்டியிருக்கிறது. அண்டை நிலத்துக்காரன் கிணற்றைக் கெடுத்து வரும் லாபம் ஹலாலாகுமா என்று அவரவர் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளட்டும். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் சொல்லிவிட்டது: பாதிக்கப்பட்டோருக்கு அரசு இழப்பீடு கொடுத்து, அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும். இன்று மிச்சம் பிடிப்பது நாளை வட்டியோடு போகும்.

அரசிடம் நாம் கேட்க வேண்டியதும் உண்டு. தரம் உயர்த்தும் செலவில் சிறு தோல் ஷாப்புகளுக்கு உதவி வேண்டும். கலப்பு உப்பைப் பாதுகாப்பாக வைக்க இடம் வேண்டும். ஆனால் சுத்தமான கையோடு போய்க் கேட்டால்தான் அந்தக் குரல் எடுபடும்.

இளைஞர்களே! உங்களில் வேதியியலும் பொறியியலும் படித்தவர்கள் இருக்கிறீர்கள். நிலையத்துக்குள் போய்க் கணக்கைப் பாருங்கள். தினமும் எவ்வளவு நீர் வந்தது, எவ்வளவு உப்புடன் வந்தது என்பதை வாசலில் பலகை போட்டு எழுதச் சொல்லுங்கள். உழவரும் வந்து பார்க்கட்டும். ஒளிக்க ஒன்றுமில்லாத தொழிலை யாரும் மூடிவிட முடியாது.