சங்கம் யாருடையது?

(போடிநாயக்கனூரில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



'தொழிற்சங்கம் தொழிலாளிக்கு நன்மையா, தீமையா' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இருக்கு. பட்டிமன்றத்தில் நடுவர் இரண்டு பக்கமும் கைதட்டுகிற மாதிரி ஒரு தீர்ப்பைச் சொல்லிட்டு வண்டியேறிப் போயிருவார். நாம அப்படிப் போக முடியாது. நாளைக்கு விடியுமுன்னே இந்த ஊரிலிருந்து ஜீப்புகள் கிளம்பும். முந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பஞ்சோலை ஏலத்தோட்டங்களுக்குப் போகும். உள்ளே நெருக்கிப் பிடித்து உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் எத்தனையோ பேர் நம்ம சேரித்தெருப் பெண்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது அவர்களுக்குத்தான்.

சங்கம் கெடுதல் என்று சொல்பவர்கள் இரண்டு வகை. ஒன்று, முதலாளி. சங்கம் வந்தா தோட்டம் மூடிப்போகும், உனக்கும் வேலை இல்லை, எனக்கும் லாபம் இல்லை என்பான். இன்னொன்று, நம்ம ஆளே. 'சந்தா கொடுத்தோம், கொடி பிடித்தோம், கடைசியில் தலைவர் தோட்டத்து பங்களாவில் காபி குடிச்சிட்டு வந்து கையெழுத்துப் போட்டுட்டேன்னு சொல்றார்' என்பார்கள். இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வது போலத் தெரியும். ஆனால் முதலாளி பயப்படுவது சங்கத்தின் பலத்துக்கு. நம்ம ஆள் கோபப்படுவது அந்தப் பலம் தன் கையில் இல்லையே என்று. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் நம்முடைய கோபத்தை முதலாளி வாடகை இல்லாமல் பயன்படுத்திக்கொள்வான்.

பக்கத்து மலைக்குப் போவோம். மூணாறு நமக்கு அந்நிய ஊர் அல்ல. ஒரு காலத்தில் மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கீழே கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத்தான் வெளியே போனது. தேயிலை இறங்கிய மலையில் கங்காணிகள் கூட்டிப்போன நம்ம சனம் ஏறியது. அவர்களின் பேத்திகள்தான் 2015 செப்டம்பரில் மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பெரும்பாலும் தமிழ் தலித் பெண்கள்.

கணன் தேவன் தோட்டங்களில் அந்த வருஷம் 10 சதவீத போனஸ் என்று அறிவித்தார்கள். பெண்கள் 20 கேட்டார்கள். சதவீதக் கணக்கை மேடையில் வேகமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். நான் வங்கி எழுத்தர், கொஞ்சம் மெதுவாகப் போடுகிறேன். அன்றைய நாள்கூலி 232 ரூபாய். மாதம் இருபத்தைந்து நாள் வேலை என்று வைத்தால் 5,800. வருஷத்துக்கு 69,600. அதில் 10 சதவீதம் 6,960 ரூபாய். 20 என்றால் 13,920. 1965 போனஸ் சட்டப்படி 8.33 சதவீதம் குறைந்தபட்சம், அதாவது பன்னிரண்டில் ஒன்று, ஒரு மாதச் சம்பளம். 20 சதவீதம் உச்சவரம்பு. ஆகவே 10 சதவீதம் என்பது சட்டம் கட்டாயப்படுத்தியதற்கு மேல் ஒரு சிட்டிகை. பிள்ளையின் பள்ளிக்கட்டணம், அடகுவைத்த கம்மல் எல்லாம் அந்த வித்தியாசத்தில்தான் இருந்தது.

அந்த மலையில் சங்கம் இல்லாமலா இருந்தது? ஏ.ஐ.டி.யு.சி., சி.ஐ.டி.யு., ஐ.என்.டி.யு.சி. மூன்றும் இருந்தன. சிவப்பும் மூவர்ணமும் எல்லாம் இருந்தன. ஆனால் கொழுந்து பறிக்கிற பெண் தலைமையில் இல்லை. அதனால்தான் அந்தப் பெண்கள் சங்கத் தலைவர்களைப் போராட்டப் பந்தலுக்குள் விடவில்லை. உழைப்பது நாங்கள், அதை வைத்துப் பிழைப்பது நீங்களா என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். ஒன்பது நாள் நடந்த போராட்டம் செப்டம்பர் 13 அன்று முடிந்தது. 8.33 போனஸ், 11.67 கருணைத்தொகை, ஆக 20 சதவீதம்.

இதைப் பார்த்துவிட்டு, 'பாருங்க, சங்கமே இல்லாம ஜெயிச்சாங்க' என்று எழுதினவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. பல ஆயிரம் பெண்கள் சேர்ந்து, ஒரு கோரிக்கை வைத்து, வேலையை நிறுத்தி, வாங்கிக்கொண்டு எழுந்தார்கள். இதற்குப் பெயர் சங்கம் இல்லாமல் வேறென்ன? அவர்கள் தூக்கி எறிந்தது சங்கத்தை அல்ல, சங்கத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர்களை.

அடுத்து நடந்ததையும் சொல்லணும். நாள்கூலி 500 கேட்டு மறுபடி போராடினார்கள். கூலியைத் தீர்மானிப்பது அரசும் முதலாளிகளும் சங்கங்களும் உட்காரும் தோட்டத் தொழிலாளர் குழு. அங்கே நாற்காலி பழைய சங்கங்களுக்குத்தான். 2015 அக்டோபரில் தேயிலைக்கு 301 ரூபாய், ஏலத்துக்கு 330 ரூபாய் என்று முடிவானது. தெருவில் உட்கார்ந்தவர்கள் ஒருத்தர், மேசையில் உட்கார்ந்தவர்கள் வேறொருத்தர். போனஸில் தெரு ஜெயித்தது, கூலியில் மேசை முடித்துவைத்தது. பெம்பிளை ஒருமை பிறகு சங்கமாகப் பதிவு செய்துகொண்டது, உள்ளாட்சித் தேர்தலில் நின்றது, உள்ளுக்குள் பிளவும் வந்தது. 2017 ஏப்ரலில் அமைச்சர் எம்.எம்.மணியின் பேச்சு தங்களை இழிவுபடுத்தியது என்று மன்னிப்புக் கேட்டு மறுபடி சாலையில் உட்கார வேண்டியிருந்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் லயன் வீடுகள் மண்ணுக்குள் போய் 70 பேர் செத்தார்கள். போனஸ் வாங்கலாம். பாட்டன் காலத்து லயன் வீட்டிலிருந்து வெளியே வர ஒரு கோபம் போதாது, வருஷக்கணக்கில் நிற்கிற அமைப்பு வேணும்.

இது மூணாறில் தொடங்கிய சிக்கல் இல்லை. இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-இல் தொடங்கியது. பின்னி ஆலைத் தொழிலாளர்களின் சங்கம். பி.பி.வாடியா, திரு.வி.க. போன்றவர்கள் முன்னின்றார்கள். 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் சேரவில்லை. புளியந்தோப்பில் கலவரம், வீடு எரிப்பு, துப்பாக்கிச்சூடு. வேலைநிறுத்தமும் தோற்றது. வரலாற்றில் நம்மைக் கருங்காலி என்று எழுதி மூடிவிடுவது சுலபம். ஒரு மாதக் கூலி நின்றால் அடுப்பு அணையும் நிலையில் இருந்தவனிடம், ஆலைக்கு வெளியே அவனைத் தொடக்கூடாதவன் என்று வைத்திருந்த ஊர், ஆலை வாசலில் மட்டும் 'நீயும் நானும் ஒன்று' என்றது. அந்த ஒற்றுமையை அவன் எதை நம்பி ஏற்றிருக்க முடியும்? வெள்ளைக்கார முதலாளி அந்தப் பிளவைப் பயன்படுத்திக்கொண்டான். ஆனால் பிளவை அவன் உண்டாக்கவில்லை. அது அவன் கப்பலேறி வருவதற்கு முன்பே இங்கே இருந்தது.

அண்ணல் அம்பேத்கர் இதை எப்படிக் கையாண்டார் என்பதைத் தோழர்கள் கவனிக்கணும். பம்பாய் ஆலைகளில் கூலி அதிகம் கிடைத்த நெசவுப் பிரிவில் தீண்டத்தகாதவர்களைச் சேர்க்கவில்லை. நூலை வாயில் வைத்து இழுக்கணும், எச்சில் படும், தீட்டு. அந்தத் தடையைப் போட்டது முதலாளி மட்டுமல்ல, கூட வேலை செய்த சாதி இந்துத் தொழிலாளியும்தான். 1928 வேலைநிறுத்தத்தின்போதே அம்பேத்கர் இதைச் சங்கத் தலைவர்கள் முன் வைத்தார். அதற்காகச் சங்கமே வேண்டாம் என்றாரா? இல்லை. 1938-இல் மன்மாடு ரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில் பார்ப்பனியம், முதலாளித்துவம் இரண்டும் நம் எதிரிகள் என்றார். அதே வருஷம் வேலைநிறுத்த உரிமையை நெரிக்கிற தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து, நவம்பர் 7 அன்று கம்யூனிஸ்டுகளோடு தோள் சேர்ந்து வேலைநிறுத்தம் நடத்தினார். 1942-இலிருந்து வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்தபோது, சங்கத்தை முதலாளி அங்கீகரித்தே ஆகணும் என்று மசோதா கொண்டுவந்தார். சங்கத்துக்குள் இருக்கும் சாதியோடும் சண்டை, சங்கத்தை உடைக்க வரும் அரசோடும் சண்டை. ஒன்றுக்காக ஒன்றை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

என் துறையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நழுவுகிறான் என்பீர்கள். வங்கி ஊழியர்களுக்கு 1966 முதல் இருதரப்பு ஒப்பந்தம் உண்டு. நான் மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குவது, ஆறு மணிக்குமேல் உட்காரச் சொன்னால் 'ஏன் சார்' என்று கேட்க முடிவது எல்லாம் எனக்கு முந்தி அடிபட்டவர்கள் வாங்கிக் கொடுத்தது. சங்கம் தீமை என்று நான் சொன்னால் நன்றிகெட்டவன். ஆனால் கிளையைக் கூட்டிப் பெருக்குகிற அம்மா வருஷக்கணக்காகத் தற்காலிகம். ஊதியப் பேச்சுவார்த்தை முடிந்து நாங்கள் இனிப்புக் கொடுத்தபோது அவரும் ஒன்று எடுத்துக்கொண்டார், 'எனக்கும் கூடுதாய்யா' என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. எஸ்.சி., எஸ்.டி. ஊழியர் நலச்சங்கங்கள் வங்கிகளில் தனியாக ஏன் வந்தன என்று கேட்கிற தோழர்கள் அந்த மௌனத்தையும் கேட்கணும்.

இப்போது நம்ம ஜீப்புக்கு வருவோம். போடியில் ஏலக்காய் ஏலம் நடக்கிறது. மணி பருமனா, நிறம் பச்சையா என்று தரம் பிரித்து விலை ஏறுகிறது. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. காய் எடுத்த கையின் கூலி அப்படித் தாவியதாக யாராவது சொல்ல முடியுமா? விலை இறங்கினால் மட்டும் கூலிக்காரரிடம் வந்து கஷ்டத்தைப் பகிர்ந்துகொள்ளச் சொல்வான்.

மூணாறுப் பெண்களுக்கு எதிர்த்துக் கேட்க ஒரு சங்கமாவது இருந்தது. தினம் மலையேறி இறங்குகிற நம்ம பெண்களில் பலருக்கு அதுவும் இல்லை. தூங்குவது தமிழ்நாட்டில், உழைப்பது கேரளத்தில். பேர் எந்தப் பதிவேட்டில் இருக்கு என்று கேட்டால் ஜீப்காரருக்குத்தான் தெரியும். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் ஐந்து ஹெக்டேர், பதினைந்து பேர் என்று அளவு வைத்தது. அதற்குள் வராத சிறு தோட்டங்கள் ஏராளம். அந்தச் சட்டத்தையும் மற்றவற்றோடு கலந்து நான்கு தொகுப்பாக்கி, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மஸ்டர் ரோலில் உள்ளவர்களில் 51 சதவீதம் பேர் எந்தச் சங்கத்திலோ அதுதான் தனியாகப் பேரம் பேசும் சங்கம் என்கிறது புதுச் சட்டம். மஸ்டர் ரோலிலேயே பேர் இல்லாதவள் எந்தச் சதவீதத்தில் வருவாள்?

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பதற்றத்தில் இடுக்கித் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் அடிபட்டு, பயந்து மலையிறங்கி வந்தார்கள். 2023 ஆகஸ்ட் 25 அன்று வயநாட்டில் தேயிலை பறித்துவிட்டுத் திரும்பிய ஜீப் கவிழ்ந்து ஒன்பது பெண்கள் செத்தார்கள். அந்த மாதிரி ஜீப்பில்தான் நம்ம அக்காமார்களும் போகிறார்கள். அமைப்பில்லாதவருக்கு வரும் ஆறுதல் அரசு அறிவிக்கும் நிவாரணத் தொகையோடு முடிந்துவிடும்.

ஆகவே என் பதில் இது. மோசமான சங்கம் தொழிலாளியை விற்கும். சங்கமே இல்லாவிட்டால் விற்க ஆள்கூட வேண்டியதில்லை, முதலாளி நேரடியாக எடுத்துக்கொள்வான். சங்கம் வேணும். ஆனால் சேரும்போதே கேட்க வேண்டியதைக் கேட்டுச் சேரணும். ரசீதுப் புத்தகம் யாரிடம் இருக்கு? கணக்கை யார் முன்னால் படிப்பார்கள்? முதலாளியோடு பேசப் போகும்போது காய் எடுக்கிற பெண் கூட வருவாளா, இல்லை கொடி பிடிக்க மட்டுமா? கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தைத் தெருவில் வந்து வாசித்துக் காட்டுவார்களா? தோட்டத்தில் 'தோழர்' என்று கூப்பிடுகிறவர் ஊருக்குள் வந்தால் நம்ம வீட்டில் தண்ணி குடிப்பாரா? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்குகிற சங்கம், முதல் கேள்விக்கும் சரியான பதில் சொல்லாது.

மாணவர்களுக்கு ஒரு வேலை. ஒவ்வொரு தெருவிலும் போய் எழுதுங்கள்: எந்த ஜீப், எந்தத் தோட்டம், எத்தனை பேர், என்ன கூலி, எத்தனை மணி நேரம், மருந்து அடிக்கிறவருக்குக் கையுறை உண்டா, வண்டிக்கு இன்சூரன்ஸ் உண்டா. முதலாளியின் மஸ்டர் ரோலில் பேர் இல்லாவிட்டால் நம்முடைய நோட்டில் இருக்கட்டும். சங்கம் என்பது அந்த நோட்டில்தான் தொடங்குகிறது. அதைப் பெண்கள் கையில் கொடுங்கள், திரும்ப வாங்காதீர்கள்.

ஜெய்பீம்.