அடுக்களையிலிருந்து பந்திக்கு

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியச் சொற்பொழிவு கேட்டுப் பழகிய உங்கள் முன், கணிப்பொறித் தொழிலைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். நாங்கள் என்றது மூவரை. எழுதியவர் மூவர்; வாசிப்பவர் ஒருவர். கோவையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் பிழைப்பு நாடி இந்தப் புனே நகருக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. தொடக்கத்தில் நால்வராய் இருந்தோம். அதைப் பின்னர்ச் சொல்கின்றோம்.

எங்கள் தொழில் இன்னதென்று எங்கள் இல்லத்தாருக்கே தெளிவாய்த் தெரியாது. நீங்கள் கைபேசியில் ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கும்போது, தொலைவிலுள்ள ஒரு கணிப்பொறிக்கு உங்கள் வேண்டுகோள் செல்கின்றது. அதற்கு வழங்கி என்று பெயர். அலுவலகத்தில் சர்வர் என்பர். அது பக்கத்தை ஆக்கி அனுப்புகின்றது. அதனை உங்கள் கையில் காட்டுவது உலாவி, அதாவது பிரௌசர். ஒரு கலியாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வழங்கி அடுக்களை, உலாவி பந்தி. நாங்கள் அடுக்களையிலேயே நரைத்தவர்கள். ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பார் 1995-இல் வெளியிட்ட பி.எச்.பி. என்னும் மொழியே எங்கள் கரண்டி.

அதே 1995-இல் அமெரிக்காவில், நெட்ஸ்கேப் நிறுவனத்தில், பிரெண்டன் ஐக் என்பார் உலாவிக்கென ஒரு மொழியின் முதல் வடிவத்தைப் பத்தே நாள்களில் செய்து முடித்தார். மோக்கா என்றும் பிறகு லைவ்ஸ்கிரிப்ட் என்றும் வழங்கிய அது, அவ்வாண்டின் இறுதியில் ஜாவாஸ்கிரிப்ட் எனப் பெயர் பெற்றது. அந்நாளில் புகழோடிருந்த ஜாவாவின் பெயரை ஒட்டவைத்தார்களே ஒழிய, இரண்டும் வெவ்வேறு மொழிகள். எங்களுள் ஒருவர் ஜாவா கற்றவர். இதுவும் தமக்கு வந்துவிடும் என்று ஒரு மாதம் இறுமாந்திருந்தார். நெடுங்காலம் இம்மொழியை நாங்கள் மதித்ததில்லை. படத்தை மின்னச் செய்யவும், 'முகவரி பிழை' என்று எச்சரிக்கவும் பயன்படும் விளையாட்டுப் பொருள் என்றே எண்ணினோம். 2004-இல் ஜிமெயில் வந்தது. 2005-இல் கூகுள் மேப்ஸ் வந்தது. பக்கத்தை மறுபடி வரவழைக்காமலே உள்ளிருப்பது மாறிற்று. வியந்தோம், கற்கவில்லை. 2006-இல் ஜேகுவெரி வந்தபோது நாலு வரிகளை எங்கிருந்தோ எடுத்து ஒட்டிக் காலத்தை ஓட்டினோம்.

2019-இல் எங்கள் அலுவலகத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. இனிப் பக்கங்கள் உலாவியிலேயே ஆக்கப்படும். வழங்கி தரவுகளை மட்டும் அனுப்பும். புதிய குழுவில் உலாவியின் மொழி அறிந்தவர்க்கே இடம் என்றனர். எங்களுக்கு அப்போது 45 வயது. வீட்டுக் கடனில் பாதி நிலுவை. பிள்ளைகள் கல்லூரி வாயிலில் நின்றனர். இம்மன்றத்தில் இதனைச் சொல்ல நாங்கள் கூசவில்லை. இவ்வச்சத்தை அறியாத குடும்பம் இக்குடியிருப்பில் எத்தனை இருக்கும்?

ஞாயிறுதோறும் சங்க நூலக அறையில் கூடினோம். ஆசிரியராய் வாய்த்தவர் இக்குடியிருப்பிலேயே வளர்ந்த பெண். அப்போது 24 வயது. கொலுச் சுண்டலுக்கு எங்கள் வீடுகளுக்கு ஓடி வந்த குழந்தை. மூன்றாம் வாரம் எங்கள் நிரலைப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிதான் மாமா, ஆனால் நீங்கள் இன்னும் சர்வரில்தான் இருக்கிறீர்கள்" என்றார். மறுவாரம் நால்வரில் ஒருவர் வரவில்லை. மோதிரக் கையால் குட்டுப்படலாம், வளையல் கையால் படலாமா என்று சிரித்துவிட்டுப் போனவர், அடுத்த ஆண்டு வேலையை விட்டு ஊருக்கே திரும்பிவிட்டார். எங்களுள் சிறந்த நிரலாளர் அவரே.

அப்பெண் சொன்னதன் பொருள் எங்களுக்கு விளங்க இரண்டு மாதங்கள் ஆயின. அடுக்களையில், எங்கள் மொழியின் வழக்கப்படி, ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் தனிச் சமையற்காரர் உண்டு. தரவுத்தளத்திடம் ஒரு கணக்கைக் கேட்டால், விடை வரும்வரை அவர் அவ்வரியிலேயே நிற்கலாம், பிறர்க்கு இடரில்லை. பந்தியிலோ பரிமாறுபவர் ஒருவரே. ரசத்துக்காக அவர் அடுக்களை வாயிலில் நின்றுவிட்டால், இலை முன் இருப்பவர் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். பொத்தானை அழுத்தினாலும் பக்கம் அசையாது. ஆகவே, ரசம் வேண்டும் என்று குரல் கொடுத்துவிட்டு அவர் மோர் ஊற்றப் போகின்றார். ரசம் வந்ததும் அதனை வாங்கி ஊற்றுகின்றார். நாங்கள் செய்தது என்ன? குரல் கொடுத்த மறு வரியிலேயே ரசத்தை ஊற்ற முனைந்தோம். பாத்திரம் வெறுமையாய் இருந்தது. மொழி பழுது, உலாவி பழுது என்று இரண்டு ஞாயிறுகள் வாதிட்டோம்.

2015-இல் அம்மொழியின் இலக்கணத்தில் பிராமிஸ் என்னும் அமைப்பும், 2017-இல் அவெயிட் என்னும் சொல்லும் சேர்ந்தன. அவெயிட் என்று எழுதினால், வரி காத்திருப்பது போலவே தோன்றும். உண்மையில் காத்திருப்பது அந்தச் செயற்கூறு மட்டுமே. பரிமாறுபவர் வேறு இலைக்குப் போய்விடுகின்றார். தொடக்கத்திலேயே இச்சொல்லைப் பிடித்துக்கொள்பவர்க்கு அடுக்களைப் புத்தி போவதில்லை என்பது எங்கள் கருத்து. ஒரு மாதமேனும் அது இன்றி எழுதிப் பார்க்க வேண்டும். இளைஞர்கள் இதனை ஒப்பமாட்டார்கள், போகட்டும்.

இன்னொன்று. அடுக்களையில் ஒரு வேண்டுகோள் முடிந்ததும் பாத்திரங்கள் கழுவிக் கவிழ்க்கப்படும். பந்தியில் பக்கம் மூடப்படும்வரை இலை விரித்தபடியே கிடக்கும். ஒரு பொத்தானுக்கு ஏவலாளை அமர்த்தும் வரியை, பட்டியலைப் புதுப்பிக்கும்போதெல்லாம் ஓடவிட்டோம். ஐந்து முறை புதுப்பித்தபின் பொத்தானை ஒரு முறை அழுத்தினால் ஐவர் ஓடி வந்தனர்.

கற்றதைச் சோதிக்க, 2022-இல் நம் ஆண்டு விழாவின் உணவுச் சீட்டுப் பதிவுப் பக்கத்தை எழுதினோம். முதற்பதிப்பில் புதுமோகத்தால் எல்லாவற்றையும் உலாவியின் தலையில் ஏற்றினோம். பெரியவர்களின் பழைய கைபேசிகளில் வெண்திரையே தெரிந்தது. பிறகு பக்கத்தை வழங்கியிலேயே ஆக்கி, தொகையைக் கூட்டும் வேலையை மட்டும் உலாவிக்கு விட்டோம். அதிலும் வந்தது வினை. ஓர் அம்மையார் உணவுக்கு 400 ரூபாயும் நன்கொடைக்கு 500 ரூபாயும் நிரப்பினார். மொத்தம் 400500 ரூபாய் என்று காட்டிற்று! அவர் பதறிப்போய்ச் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டியது பலருக்கு நினைவிருக்கும். எங்கள் பழைய மொழியில் கூட்டல் குறி எண்களைக் கூட்டும். எழுத்துகளை ஒட்டப் புள்ளி உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் இரண்டிற்கும் கூட்டல் குறி ஒன்றே. கட்டத்தில் நிரப்புவது எண்ணாகத் தோன்றினும் எழுத்தாகவே கைக்கு வரும். ஒரு பக்கம் எழுத்தாயின் கூட்டாமல் ஒட்டிவிடும். முதலில் எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதற்கு நாணினோம், அடுத்ததற்கு நாணமும் போதவில்லை. சீட்டு எண்ணிக்கை பூச்சியத்துக்குக் கீழே போகலாகாது என்னும் சோதனையை உலாவியில் அழகாய் எழுதினோம். பிழையெனில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கும். அந்த மகிழ்ச்சியில் வழங்கியில் அதே சோதனையை எழுத மறந்தோம். பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் (பெயர் வேண்டா, முன் வரிசையில்தான் இருக்கின்றான்) உலாவியின் டெவலப்பர் கருவிகளைத் திறந்து, எங்கள் சோதனையை நீக்கிவிட்டு, சிறுவர் சீட்டு 'கழித்தல் மூன்று' என்று அனுப்பினான். சிறுவர் சீட்டு 100 ரூபாய். அவன் குடும்பத்தின் கணக்கில் 300 ரூபாய் குறைந்தது. நல்ல பிள்ளை; அன்று மாலையே தானாக வந்து சொல்லிவிட்டான்.

உலாவியில் ஓடும் நிரல் விருந்தினரின் கணிப்பொறியில் இருப்பது. அவர் அதனைப் படிக்கலாம், மாற்றலாம், நிறுத்தலாம். அங்கே வைக்கும் சோதனை அவருடைய வசதிக்கு. காவல் அடுக்களை வாயிலில்தான் நிற்க வேண்டும். இதனை இருபதாண்டுகளாய் அறிந்தவர்கள் நாங்கள்! எங்கள் ஆசிரியருக்கு நாங்கள் கற்பிக்கத்தக்கது ஒன்று இருந்ததென்றால் அது இதுதான், அதனையே கோட்டைவிட்டோம். நடந்ததைக் கேட்ட அப்பெண், தாம் எழுதிய பக்கங்களிலும் இவ்வோட்டை உண்டா என்று அன்றிரவே பார்த்தார். இரண்டு இடங்களில் இருந்தது. அது முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் ஒரு மணி அவர் எங்களுக்குச் சொல்வார்; அடுத்த ஒரு மணி நாங்கள் அவருக்குச் சொல்வோம்.

எங்களுள் இருவர்க்குப் புதிய குழுவில் இடம் கிடைத்தது. மூன்றாமவர் வேறோர் அலுவலகத்தில் அடுக்களை வேலைக்கே சென்றார். அவ்வேலையும் இன்னும் தேவைப்படுகின்றது. ஊருக்குப் போன நண்பருக்கு இவ்வுரையின் படியைச் சென்ற வாரம் அனுப்பினோம். விழாவுக்கு வருவது பற்றி ஒன்றும் எழுதவில்லை. ஆனால், அவெயிட்டைப் பற்றி நாங்கள் எழுதியது தவறு, காத்திருப்பது முழு நிரலன்று, அந்தச் செயற்கூறு மட்டுமே என்று ஒரு திருத்தம் அனுப்பியிருந்தார். அவர் அம்மொழியை எப்போது கற்றார் என்று நாங்கள் கேட்கவில்லை. திருத்தத்தைச் சேர்த்துவிட்டோம்.

உணவு ஆயத்தம் என்று செயலாளர் கை காட்டுகின்றார். சீட்டுகளை வாயிலில் காட்டுங்கள். இவ்வாண்டுக் கூட்டலை நால்வர் சரிபார்த்திருக்கின்றோம்.