வாயில்லா ஜீவனுக்காக நாம் பேச வேண்டும்

 

உளூச் செய்ய வைத்த தண்ணீரைக் குடிக்கப் பூனை வந்தபோது, அபூ கதாதா (ரலி) அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்த செய்தி நாம் மதரஸாவில் ஓதியதுதான். பூனை அசுத்தமானதல்ல, நம்மைச் சுற்றி வாழும் ஜீவன் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை அவர் அப்போது எடுத்துச் சொன்னார். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணுக்குக் கிடைத்த தண்டனையையும் நாம் அறிவோம். ஒரு ஜீவனை வீட்டில் வைத்துக்கொண்டால் பொறுப்பும் கூடவே வருகிறது. சோறும் தண்ணீரும் வைப்பதில் நம் வீடுகள் குறை வைப்பதில்லை. ஆனால் அதற்கு நோய் வந்தால் மருத்துவரிடம் அதற்காகச் சரியாகப் பேசுகிறோமா?

நம் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வீடுகளில் வழக்கமாக நடப்பதைப் பாருங்கள். பூனைக்குச் சோறு வைப்பவர் வீட்டிலுள்ள தாய். எப்போது சாப்பிட்டது, எத்தனை முறை வாந்தி எடுத்தது என்பது அவருக்குத்தான் தெரியும். ஆனால் கட்டைப்பையில் போட்டு, வண்டியில் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோவது அத்தாவோ மகனோதான். மருத்துவர் கேட்கும் கேள்விக்கெல்லாம் "தெரியலைங்க சார்" என்பதே பதில். ஆடு மாடுகளோடும், நம் ஊர்ப் பெயர் கொண்ட நாய்களோடும் காத்திருந்து கிடைத்த சில நிமிடமும் வீணாகிவிடுகிறது.

இதற்கு வழி எளிது. வீட்டிலுள்ள பெண்கள் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வயது, ஆணா பெண்ணா, கடைசியாகச் சாப்பிட்ட நேரம், சிறுநீர், மலம், வாந்தி எத்தனை முறை, வெளியே சண்டை போட்டதா, கடைசித் தடுப்பூசி எப்போது, நாம் என்ன மருந்து கொடுத்தோம் - இவ்வளவு போதும். முடிந்தால் அவர்களே கூடப் போகலாம். இல்லையென்றால் போனில் மருத்துவரிடம் பேசலாம். நொண்டுவதையும் இருமுவதையும் செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். புது இடத்தில் பயந்துபோன பூனை நோயைக் காட்டாமல் ஒடுங்கிக்கொள்ளும்.

சீட்டில் கடைசியாகச் சொன்னதுதான் மிக முக்கியம். பூனையின் இயல்பான உடல் வெப்பமே 100.5 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை. நம் கைக்கு அது காய்ச்சல் போலத் தெரியும். உடனே வீட்டிலுள்ள பாரசிட்டமாலில் பாதியை உடைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். பூனையின் ஈரலால் அந்த மருந்தை முறிக்க முடியாது. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்து, ஈறு நீலமாகவோ பழுப்பாகவோ மாறும், முகம் வீங்கும். ஒரே மாத்திரைகூட உயிரை எடுத்துவிடலாம். இதற்கு மாற்று மருந்து உண்டு. ஆனால் உண்மையைச் சீக்கிரம் சொன்னால்தான் மருத்துவர் அதைக் கொடுக்க முடியும். திட்டுவாரோ என்று பயந்து மறைத்தால், நஷ்டம் அந்த ஜீவனுக்கு. நாய்க்கு உண்ணி போக முதுகில் விடும் சொட்டு மருந்தும் அப்படித்தான். அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு உடல் நடுங்கி வலிப்பு வரும். எதைத் தடவினோம், எதை ஊட்டினோம் என்று அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சொல்லும் வார்த்தையிலும் கவனம் வேண்டும். ஆண் பூனை முக்கி முக்கி உட்கார்ந்தால், "மலச்சிக்கல்" என்று நாமே முடிவு செய்து சொல்லக் கூடாது. சிறுநீர் அடைத்திருந்தாலும் அப்படித்தான் உட்காரும். ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். "காலையிலிருந்து உட்கார்ந்து முக்குகிறது, ஒரு சொட்டும் வரவில்லை" என்று கண்டதைச் சொல்லுங்கள். நோய்க்குப் பெயர் வைப்பது மருத்துவர் வேலை.

கேட்கவும் கூச்சப்படாதீர்கள். என்ன நோய்? மருந்தை எப்படி ஊட்டுவது, எத்தனை நாள்? எந்த அறிகுறி கண்டால் திரும்ப வர வேண்டும்? செலவு எவ்வளவு? கையில் இருப்பது இவ்வளவுதான் என்று முதலிலேயே சொல்வதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை. எந்தப் பரிசோதனை இப்போதே அவசியம், எது பொறுக்கலாம் என்று மருத்துவர் பிரித்துச் சொல்வார். தலையை ஆட்டிவிட்டு வந்து, பாதியில் மருந்தை நிறுத்துவதைவிட இது மேல். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாமா என்றும் அவரிடமே கேளுங்கள்.

இன்னொன்று, நம் பிள்ளைகள் சம்பந்தப்பட்டது. பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ அந்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். ரேபீஸ் பூனையாலும் பரவும். குட்டிக்கு 3 மாதம் ஆனதும் தடுப்பூசி போடுவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். போட்ட தேதியை எழுதி வையுங்கள். கால்நடை மருத்துவரிடம், "வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது, கர்ப்பிணி இருக்கிறார்" என்பதையும் சொல்லுங்கள். அதற்கேற்ற எச்சரிக்கையை அவர் தருவார்.

பூனை தன் வலியைத் தானே சொல்லாது. அதற்காக நாம் சொல்வது ஒரு சாட்சியம். கூட்டாமல், குறைக்காமல், மறைக்காமல் சொல்வோம். நம் பொறுப்பில் உள்ள ஒவ்வோர் உயிரின் அமானிதத்தையும் நிறைவேற்றும் தவ்ஃபீக்கை வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.