தோய்ச்சலும் பதமும்



வெப்பத்தால் மாழைகளின் இயல்பு மாறும் வகையைப் பேச முற்படுகிறோம். ஈயத்தால் பெயர்பெற்ற ஊரில் இதனைப் பேசுவதில் ஒரு முரண் உண்டு. கிந்தாப் பள்ளத்தாக்கின் வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகிவிடும். அறை வெப்பத்திலேயே அதன் உட்படிகங்கள் தம்மைத் திருத்திக்கொள்வதால், அடித்தாலும் அது நிலைத்த கடினம் பெறாது. காய்ச்சி நீரில் இட்டாலும் பெறாது. தோய்ச்சலை ஏற்பது எஃகு. ஆகவே ஈயத்தை விடுத்துப் பால்மரம் சீவிய கத்தியை நோக்குவோம்.

கோலாகங்சாரில் 1877இல் நடப்பட்ட ரப்பர் மரம் இன்றும் நிற்கிறது. அதன் இனத்தை நம்பி எழுந்த தோட்டங்களில் நம் முன்னோர் ஒவ்வொரு வெட்டிலும் ஒன்றரை மில்லிமீட்டர் அளவே பட்டையைச் சீவினர். பாலூறும் குழாய்கள் பட்டையின் உள்ளடுக்கில் உள்ளன. அதனையும் கடந்தால் மரத்தை வளர்க்கும் மென்படலம். அதனைக் கத்தி தீண்டினால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மறுமுறை அவ்விடத்தில் சீராக வெட்ட இயலாது. மென்மையான கத்தி விரைவில் மழுங்கிப் பட்டையைக் கிழிக்கும். மிகக் கடினமான கத்தியோ விளிம்பு உதிர்ந்துவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையே பதம்.

அந்நிலை எவ்வாறு வருகிறது? நூற்றுக்கு 0.8 பங்கு கரி கலந்த எஃகை எடுத்துக்கொள்வோம். 727 பாகைக்குக் கீழே இரும்பும் இரும்புக் கரிமச் சேர்மமும் மெல்லிய அடுக்குகளாக மாறிமாறி அமைந்திருக்கும். அதற்கு மேலே காய்ச்சினால் கரி முழுவதும் இரும்பினுள் கரைந்துவிடும். மெல்ல ஆறவிட்டால் கரி பிரிந்து பழைய அடுக்குகளுக்குத் திரும்பும், எஃகு மென்மையாகும். நீரில் அமிழ்த்தினாலோ பிரிவதற்கு நேரமில்லை. அகப்பட்ட கரி அணுக்கள் படிக அமைப்பை நெளித்து இறுக்குகின்றன. செருமானிய அறிஞர் அடால்ஃப் மார்ட்டென்சு நினைவாக மார்ட்டென்சைட்டு எனப்படும் அந்நிலை மிகக் கடினமானது. கண்ணாடிபோல் நொறுங்கவும் வல்லது.

எனவே கொல்லர் மீண்டும் இளஞ்சூடு ஏற்றுவார். மினுக்கிய பரப்பில் 230 பாகை அளவில் வைக்கோல் மஞ்சளும், பின்னர்ப் பழுப்பும் ஊதாவும், 300 பாகை அளவில் நீலமும் தோன்றும். மேற்பரப்பில் படரும் துருப்படலத்தின் தடிப்பே இந்நிறங்களைத் தருகிறது. கத்திக்கு மஞ்சள் போதும். வில்லுக்கு நீலம் வேண்டும். முதற் காய்ச்சலின் செம்மையும் கண்ணால் அறியப்படுவதே. உலைக்களம் இருண்டிருந்ததற்கு வறுமை மட்டும் காரணமன்று. வெயிலில் அச்செம்மையைப் பிரித்தறிய இயலாது.

இங்கே மொழிக் கடமை ஒன்று குறுக்கிடுகிறது. நீரில் அமிழ்த்துவது கடினத்தைக் கூட்டும். இளஞ்சூடு அதனைக் குறைத்து உறுதியைத் தரும். எதிரெதிரான இவ்விரு செயல்களுக்கும் ‘பதப்படுத்தல்’ என ஒரே சொல்லை வழங்கினால், மாணவர் இரண்டாம் சூட்டில் எஃகு மேலும் கடினமாகும் என்றே கருதுவர். முதலாவதற்குத் தோய்ச்சல், இரண்டாவதற்குப் பதம் என்று வரையறுப்பதே எம் பரிந்துரை. புதுச்சொல் தேட வேண்டியதில்லை. புறநானூற்று 21ஆம் பாட்டில் ஐயூர் மூலங்கிழார், பகைவன் இழந்த கோட்டையை மீட்பதன் அருமைக்குக் கொல்லனின் காய்ந்த இரும்பு குடித்த நீரை உவமையாக்குகிறார். தொழிலை அருகிருந்து கண்டவரின் உவமை அது.

எல்லா எஃகும் ஒரே விதிக்கு அடங்குவதுமில்லை. ஆங்கிலேயரான ஹாட்ஃபீல்டு 1882இல் கண்டறிந்த மாங்கனீசு எஃகை 1,000 பாகைக்கு மேல் காய்ச்சி நீரில் இட்டால், அது கடினமாகாமல் வளைந்து கொடுக்கும் உறுதியைப் பெறும். பின்னர் அடிபட அடிபட மேற்பரப்பு இறுகும். கல்லோடும் மணலோடும் மோதும் தூர்வாரி வாளிகளின் விளிம்புகளுக்கு உலகெங்கும் இது பயன்பட்டது. 1938இல் கட்டப்பட்டுத் தஞ்சோங் துவாலாங்கில் ஓய்ந்து நிற்கும் ஈயக்கப்பலைக் காணச் செல்வோர் அதன் வாளிகளைச் சற்று நின்று நோக்குக.

தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. குலை வெட்டும் அரிவாளுக்கும் தோய்ச்சல் வேண்டும். பழைய லாரியின் வில்தகட்டை அடித்து அரிவாளாக்கும் கொல்லர் அதனை நீரில் இடாமல் எண்ணெயில் தோய்ப்பார். அந்த எஃகில் குரோமியம் முதலியன கலந்திருப்பதால் மெல்லக் குளிர்ந்தாலும் அது கடினமாகும். நீரின் வேகத்திலோ வெடித்துவிடக்கூடும். அவர் இதற்கு என்ன சொல் வழங்குகிறார் என்பதைக் கேட்டுக் குறித்து வருவோர் எம்மிடம் தருக. சொற்பட்டியலில் அவ்விடம் இன்னும் வெற்றாகவே உள்ளது.