சாரதியின் தொண்டு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சமயச் சங்கத்து மேடையில் கணனியைப் பற்றிப் பேசப் புகுந்தது ஏன் என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். நாம் பேச வந்தது தொண்டைப் பற்றியே. கோயில் வீதியில் நிகழும் தொண்டைக் கண்ணாற் காண்கிறோம். ஒருவர் கண்ணுக்கும் தோன்றாத இடத்தில் நிகழும் தொண்டும் உண்டு. அதற்கு உதாரணமாக நம் காலத்து இளம் பொறியியலாளர் ஒருவரின் வேலையை எடுத்துக் காட்ட விரும்புகிறோம். அவர் பெயர் அலிஸா ரோசன்ஸ்வைக்.

முதலில் விஷயத்தை விளக்குவோம். கணனித் திரையில் தோன்றும் படங்களை வரைவதற்கென்றே அதனுள் ஒரு தனிச் சிப் உண்டு. அதனை வரைகலைச் சிப் என்பர். நாம் பயன்படுத்தும் மென்பொருள், "இங்கே ஒரு முக்கோணம் வரைக" என்று பொதுவான ஒரு மொழியிற் சொல்லும். சிப்புக்கோ அம்மொழி விளங்காது. தனக்கே உரிய எண் கட்டளைகள் மாத்திரமே விளங்கும். இரண்டுக்கும் நடுவே நின்று, ஒன்றன் சொல்லை மற்றதற்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் மென்பொருளை டிரைவர் என்பர். வாகனம் ஓட்டுபவரைச் சாரதி என்று சொல்லிப் பழகிய நாம், இதனையும் சாரதி என்றே சொல்வோம். பார்த்தனுக்குக் கண்ணபிரான் சாரதியாய் அமர்ந்த கதையை அறியாதார் நம்முள் இல்லை. வில்லேந்தியவனின் எண்ணமும் அறிந்து, குதிரையின் குணமும் அறிந்தவனே சாரதி. அவன் இல்லையேல், எத்துணை வலிய குதிரையைப் பூட்டினாலும் தேர் நின்ற இடத்திலேயே நிற்கும்.

இந்தச் சாரதியைச் சிப் செய்யும் நிறுவனமே எழுதி, சிப்பின் மொழியை வெளியிடாது மறைத்து வைத்தல் பலவிடத்தும் உள்ள வழக்கம். அதனால் விளைவது யாது? வாங்கியவர், நிறுவனம் அனுமதித்த வழியிலே மாத்திரம் அதனைப் பயன்படுத்தலாம். நிறுவனம் தன் ஆதரவை நிறுத்திய பின், பழுதில்லாத யந்திரமும் காலப்போக்கில் மூலைக்குப் போகும். அப்படியாயின், காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு உரியவர் யார்? நாம் இன்று உங்கள் முன் வைக்கும் கேள்வி இதுவே.

இக்கேள்விக்குச் செயலால் விடை கூறினோர் சிலர். 1992ஆம் ஆண்டிலே சிலிக்கன் கிரபிக்ஸ் என்னும் நிறுவனம் ஓப்பின்ஜீஎல் என்ற பொது வரைகலை மொழியை வெளியிட்டது. 1993ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலிருந்த பிரையன் போல் என்பவர், அம்மொழிக்கு யாவரும் பயன்படுத்தத்தக்க ஒரு மென்பொருளைத் தம் ஓய்வு நேரத்தில் எழுதத் தொடங்கினார். அதை வெளியிட அந்நிறுவனத்தின் அனுமதியைக் கேட்டுப் பெற்று, 1995 பெப்ரவரியில் வெளியிட்டார். அதன் பெயர் மெசா. மூலத்தை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். ஒருவரின் ஓய்வு நேரத்தில் முளைத்த அச்செடி, பல சிப்புகளின் சாரதிகள் ஒருங்கே கூடும் ஆலமரமாயிற்று.

அலிஸாவின் பணி அம்மரத்தின் ஒரு கிளை. கைத்தொலைபேசிகளிலும் விலை குறைந்த கணனிகளிலும் உள்ள மாலி என்னும் சிப்புக்கு, பான்ஃபுறொஸ்ற் என்ற திறந்த சாரதியை அவர் முன்னின்று எழுதினார். 2019ஆம் ஆண்டில் அது மெசாவுடன் சேர்ந்தது. அவ்வேலைக்காக, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை புதிய பங்களிப்பாளர்க்கு அளிக்கும் 2020ஆம் ஆண்டுப் பரிசு அவருக்குக் கிடைத்தது. சிப்பை வடிவமைத்த ஆர்ம் நிறுவனமே பின்னர் இத்திறந்த முயற்சிக்குத் துணைநின்றது. மூடிய கதவைச் சண்டையிட்டு உடைக்காமல், வேலை செய்து காட்டித் திறப்பித்த வகை இது.

2020 நவம்பரில் அப்பிள் நிறுவனம் எம்1 என்ற புதிய சிப்போடு கணனிகளை வெளியிட்டது. அக்கணனிகளில் லினக்ஸ் இயங்குதளத்தை ஓட்ட வேண்டுமென்று அசாஹி லினக்ஸ் என்னும் முயற்சி தொடங்கிற்று. வரைகலைச் சிப்பின் மொழிக்கு நிறுவனம் விளக்க நூல் எதுவும் வெளியிடவில்லை. ரொறன்ரோப் பல்கலைக்கழக மாணவராயிருந்த அலிஸா, அம்மொழியைத் தாமே கற்கப் புகுந்தார்.

எப்படிக் கற்றார்? சிறு மென்பொருள் ஒன்றை எழுதி ஓடவிட்டு, அந்நேரம் நினைவகத்திற் சென்று விழும் எண்களைக் குறித்துக்கொள்வார். பின் ஒரேயொரு சிறு மாற்றம் செய்து மீண்டும் ஓடவிட்டு, எந்த எண் மாறிற்று என்று ஒப்புநோக்குவார். இப்படியே எண்ணுக்கு எண் பொருள் கண்டார். சிப்பின் கட்டளைகளை ஆராய்ந்து எழுதிவைத்த டூகல் ஜோன்சன் என்பவரின் குறிப்புகளும் பெரிதும் உதவின. 2021 ஜனவரியில், தாமே எழுதிய கட்டளைகளால் அச்சிப்பில் ஒரு முக்கோணத்தை வரைவித்தார். ஒரேயொரு முக்கோணம்! பார்ப்பவர்க்கு அற்பம், அறிந்தவர்க்கோ அது குழந்தையின் முதற்சொல்.

இதைக் கேட்கும்போது நம் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களின் நினைவு வருகின்றது. செல்லரித்த ஏடுகளைத் தேடி, ஏட்டோடு ஏட்டை ஒப்புநோக்கி, 1887இல் கலித்தொகையை அச்சிட்டு யாவர் கைக்கும் எட்டச் செய்தார். இரண்டும் வெவ்வேறு துறையே. ஆயினும் ஒப்புநோக்கும் பொறுமையும், கண்டதைப் பெட்டியிற் பூட்டாது வெளியிடும் மனமும் இரண்டிலும் ஒன்றே.

அவர் பட்ட இடர் ஒன்றைச் சொல்கிறோம். முக்கோணமும் கனசதுரமும் நன்றாக வந்தன. ஒரு முயலின் உருவத்தை வரைவித்தபோது, உடலின் துண்டுகள் சில காணாமற்போயின. காரணம் யாதெனில், அச்சிப் படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எந்த முக்கோணம் விழும் என்பதை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதுவது போல எழுதிக்கொள்ளும், பின்னரே வரையும். உருவம் பெரிதானால் ஏடு நிரம்பிவிடும். உடனே அதுவரை எழுதியதை வரைந்து முடித்து, ஏட்டை வெறுமையாக்கி, மிச்சத்தை எழுதத் தொடங்கும். அப்போது முன் வரைந்த பாதிப் படத்தைச் சேமித்து, மறுபடி எடுத்து வைக்கவேண்டும். அதைச் செய்வதற்குரிய சிறு நிரல்களைச் சாரதி கொடுத்தாக வேண்டும். அவற்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். முயல் திருந்திற்று, ஆனால் முழுமையாகவில்லை. படத்தின் நிறத்தை மாத்திரமன்றி, எது முன்னே எது பின்னே என்று காட்டும் ஆழக் கணக்கையும் அவ்வாறே காக்கவேண்டும் என்பது இறுதியிற் புலப்பட்டது. அதன் பின்னரே முயல் முழு உடலோடு தோன்றிற்று. 2022 மே மாதத்தில் இக்கதையை, தாம் தவறிய இடங்களையும் மறையாது, எழுதி வெளியிட்டார். பின் வருபவர் அதே குழியில் விழாதிருக்க அது உதவும் அல்லவா?

இயங்குதளத்தின் உட்பகுதிக்கு வேண்டியதை வேறொரு தோழர் எழுத, 2022 டிசம்பரில் இச்சாரதி பொதுமக்கள் கைக்கு வந்தது. "நன்றாக இருக்கிறது" என்று தாமே சொல்லிக்கொள்வதோடு அவர்கள் அமையவில்லை. குறோனோஸ் என்னும் பொது அமைப்பு வகுத்த பல்லாயிரக்கணக்கான சோதனைகளுக்கு அதனை உட்படுத்தினர். 2023 ஆகஸ்டில் ஓப்பின்ஜீஎல் ஈஎஸ் 3.1, 2024 பெப்ரவரியில் ஓப்பின்ஜீஎல் 4.6, 2024 ஜூனில் வல்கன் 1.3 என ஒவ்வொன்றாகத் தேறிற்று. அப்பிள் தன் கணனிகளுக்குக் கொடுத்த ஓப்பின்ஜீஎல் 4.1ஓடு நின்றுவிட்டது, 2018இல் அதனைக் கைவிடப்போவதாகவும் அறிவித்தது. செய்த நிறுவனம் நின்றுவிட்ட படியைத் தாண்டி, ஒரு மாணவரும் தோழர்களும் ஏறினர்.

இங்கே பெரியோர் ஒருவர், "கோடி கோடியாய்ச் சம்பாதிக்கும் நிறுவனத்தின் பொருளுக்கு, பிள்ளைகள் ஏன் உழைக்கவேண்டும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நாமும் அப்படி நினைத்ததுண்டு. ஆனால் இவ்வுழைப்பு விற்றவருக்கு அன்று, வாங்கியவருக்கு. நிறுவனம் கைவிட்ட பின்னும் அந்தக் கணனி ஓடுமாயின், அது ஓர் ஏழை மாணவனின் மேசைக்கு வரலாம், குப்பைமேட்டுக்குப் போகவேண்டியதில்லை.

வாலிபர் ஒருவர், "இதற்குச் சம்பளம் யார் கொடுப்பார்?" என்று கேட்கலாம். அதுவும் நியாயமே. வயிற்றைக் காயவிட்டுச் செய்வதே தொண்டு என்று நாம் சொல்லவில்லை. இத்துறையில் ஓய்வு நேரத்திற் செய்வோரும் உளர்; அன்பர்களின் நன்கொடை பெற்றுச் செய்வோரும் உளர்; நிறுவனங்களிற் சம்பளம் பெற்றுச் செய்வோரும் உளர். கூலி வாங்குதல் குற்றமன்று. கண்ட அறிவை எனதென்று பூட்டி வைக்காமையே இங்கே பற்றின்மை.

2025 ஆகஸ்டில் அலிஸா அப்பிள் சிப் பணியிலிருந்து விடைபெற்று, இன்ரெல் நிறுவனத்தின் திறந்த மூல வேலைக்குச் சென்றார். எழுதியவர் போய்விட்டார், எழுதியது மெசாவிலே இருக்கிறது. இன்னொருவர் அதைத் திறந்து படித்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பூட்டிவைத்த அறிவாயின், அவரோடு அதுவும் போயிருக்கும்.

வாலிப அன்பர்களே! நீங்கள் எல்லோரும் சாரதி எழுதவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. ஒரு திறந்த மென்பொருளைப் பயன்படுத்தும்போது பிழை கண்டால், என்ன செய்தீர்கள், என்ன நிகழ்ந்தது என்று திருத்தமாக எழுதி அனுப்புங்கள். அதன் வழிகாட்டியில் ஒரு பக்கத்தையாவது தமிழில் ஆக்குங்கள். சங்கத்திலும் அப்படியே: கணக்கு எழுதத் தெரிந்தவர், பண்ணிசை தெரிந்தவர், விழா நடத்தத் தெரிந்தவர், தமக்கு அடுத்தவர் ஒருவருக்கு அதைக் கற்பித்து, எழுதியும் வைத்துவிட்டுப் போகவேண்டும். ஒருவர் விலகியதும் நின்றுவிடும் வேலை எத்தனை சங்கங்களைச் சாய்த்தது என்பதைப் பெரியோர் அறிவர்.

தேர் அசைந்து வரும்போது நாம் சுவாமியைக் கும்பிடுகிறோம். சில்லுக்குக் கட்டை போட்டு அதனை நேரே செலுத்துபவரை நோக்குவதில்லை. அவரும் தம்மை நோக்கவேண்டும் என்று நிற்பதில்லை. தேர் இருப்புக்கு வந்து சேர்வதே அவருக்கு நிறைவு.